பெய்யும் மழையெல்லாம் கிணற்றைச் சேருமா? சுண்ணாம்புக் குகைகள் கூறும் உண்மை

இறைக்கிற கிணறே சுரக்கும் என்பது நம்மிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழியாகும். துலாவும் பட்டையும் கொண்டு நீர் இறைத்த காலத்தில் இந்த வாக்கு பெரும்பாலும் பொய்க்கவில்லை. பகலில் இறைத்த நீருக்கு ஈடாக இரவில் ஊற்று சுரந்தது. மின்சார இயந்திரங்களும் குழாய்க் கிணறுகளும் பெருகிவிட்ட இன்றைய நிலையில், அப்பழமொழியை ஒரு கேள்வியாகவே நாம் நோக்க வேண்டியுள்ளது. சுரக்கும் நீர் எங்கிருந்து வருகிறது? பெய்யும் மழையில் எவ்வளவு பங்கு நிலத்தின் அடியைச் சென்றடைகிறது? அந்தப் பங்கு கூடிவருகிறதா அல்லது குறைந்துவருகிறதா?

இக்கேள்விகளுக்குக் கிணற்றின் நீர்மட்டத்தை அளந்து மாத்திரம் முழுமையான விடை காண இயலாது. உலகின் பல பகுதிகளில் நிலத்தடி நீர்மட்டம் பற்றிய முறையான பதிவுகள் சில தசாப்தங்களுக்கு உட்பட்டவையே. நூறு ஆண்டுகளுக்கு ஒரு முறையோ இருநூறு ஆண்டுகளுக்கு ஒரு முறையோ வரும் நீண்ட வறட்சியை முப்பது ஆண்டுப் பதிவைக் கொண்டு எடைபோடுவது, ஒரு மாதக் கணக்கைப் பார்த்து ஒருவரின் வாழ்நாள் வருமானத்தை மதிப்பிடுவது போன்றதாகும். இந்தக் குறையைப் போக்கும் ஆவணங்கள் எவரும் எதிர்பாராத ஓரிடத்தில் கிடைத்துள்ளன. அவை சுண்ணாம்புக்கல் குகைகளின் இருளில் துளித்துளியாக வளர்ந்த கற்தூண்களாகும்.

துளிகள் எழுதிய நாட்குறிப்பு

மழை நீர் மண்ணினூடாக இறங்கும்போது, மண்ணிலுள்ள வேர்களும் நுண்ணுயிர்களும் வெளியிடும் காபனீரொட்சைட்டு வாயு அதில் கரைகின்றது. இதனால் நீர் மென்மையான அமிலத் தன்மையைப் பெற்று, கீழே உள்ள சுண்ணாம்புக்கல்லைச் சிறிது சிறிதாகக் கரைத்துக்கொண்டு செல்கின்றது. அந்த நீர் ஒரு குகையின் கூரையை அடைந்து துளியாகத் தொங்கும்போது, அதிலிருந்த காபனீரொட்சைட்டு குகையின் காற்றில் கலந்து வெளியேறுகின்றது. அப்போது கரைந்திருந்த கல்சியம் காபனேற்று மீண்டும் கல்லாகப் படிகின்றது. கூரையிலிருந்து கீழ்நோக்கித் தொங்கும் ஊசிகளும் தரையிலிருந்து மேல்நோக்கி எழும் தூண்களும் இவ்வாறே உருவாகின்றன.

இவற்றுள் தரையிலிருந்து எழும் தூண்களே ஆய்வாளர்களுக்கு அதிகம் பயன்படுகின்றன. அவை ஒன்றின் மேல் ஒன்றாகப் படலங்களை அடுக்கியபடி வளர்கின்றன. இத்தகைய தூண் ஒன்று ஓராண்டில் ஒரு மில்லிமீற்றரின் பத்தில் ஒரு பங்கு அளவே வளர்வது சாதாரணமாகும். ஆகவே ஒரு மீற்றர் உயரமான தூண் பல்லாயிரம் ஆண்டுகளின் நாட்குறிப்பாக அமைய முடியும்.

அந்த நாட்குறிப்பின் பக்கங்களுக்குத் திகதியிடுவதற்கு இயற்கையே ஒரு கடிகாரத்தை வழங்கியுள்ளது. யுரேனியம் நீரில் கரையக்கூடியது. தோரியம் எளிதில் கரையாதது. எனவே புதிதாகப் படியும் படலத்தில் சிறிதளவு யுரேனியம் இருக்கும். தோரியம் ஏறத்தாழ இருக்காது. காலப்போக்கில் யுரேனியம் கதிரியக்கச் சிதைவுக்கு உள்ளாகித் தோரியமாக மாறுகின்றது. இரண்டுக்கும் இடையிலான விகிதத்தை அளந்தால் அப்படலம் உருவான காலத்தைக் கணக்கிடலாம். இம்முறை ஏறத்தாழ ஆறு இலட்சம் ஆண்டுகள் வரை பின்னோக்கிச் செல்லக்கூடியது. சீனக் குகைகளின் தூண்களை ஒன்றிணைத்துத் தயாரிக்கப்பட்டு 2016ஆம் ஆண்டு வெளியான பருவப்பெயர்ச்சி மழைப் பதிவு 6,40,000 ஆண்டுகளை உள்ளடக்கியதாகும்.

திகதி தெரிந்த பின்னர் மழையின் நிலையை அறிய வேண்டும். நீரிலுள்ள ஒட்சிசன் அணுக்கள் அனைத்தும் ஒரே நிறையுடையவை அல்ல. சாதாரண ஒட்சிசனோடு, சிறிதளவு பாரமான ஒட்சிசன் சமதானியும் கலந்திருக்கின்றது. பருவப்பெயர்ச்சி வலுவாக இருக்கும் காலங்களில் பல பிரதேசங்களின் மழை நீரில் பாரமான ஒட்சிசனின் பங்கு குறைவாகவும், வறண்ட காலங்களில் அதிகமாகவும் காணப்படுகின்றது. துளி கல்லாகும்போது இந்த விகிதமும் கல்லில் பதிவாகின்றது. தூணை நீளவாக்கில் அறுத்து, நுண்ணிய துளைகளிட்டுப் பெறப்படும் தூளை ஆய்வுகூடத்தில் பரிசோதிப்பதன் மூலம் அதனைப் படிக்க முடிகின்றது.

மேற்கு அவுஸ்திரேலியாவின் அனுபவம்

இந்த ஆய்வு முறை இன்றைய குடிநீர்ப் பிரச்சினையோடு நேரடியாகத் தொடர்புபட்ட இடங்களில் மேற்கு அவுஸ்திரேலியாவின் தென்மேற்குப் பகுதி முக்கியமானதாகும். அங்குள்ள பேர்த் நகரம் நீண்டகாலமாகத் தனது நீர்த் தேவையின் பெரும் பங்கை நிலத்தடி நீரிலிருந்தே பெற்றுவந்தது. 1970களிலிருந்து அப்பிரதேசத்தின் மழைக்கால வீழ்ச்சி ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்துள்ளது. அணைகளை வந்தடையும் நீரோ அதனை விட மிகப் பெரிய விகிதத்தில் வீழ்ச்சியடைந்தது. நகருக்கு வடக்கேயுள்ள யான்செப் பகுதியின் குகைகளில் ஓடிய நிலத்தடி ஓடைகள் வற்றத் தொடங்கின. அவ்வோடைகளை நம்பி வாழ்ந்த சின்னஞ்சிறு உயிரினங்களைக் காப்பாற்றுவதற்காகக் குகைக்குள் செயற்கையாக நீர் பாய்ச்ச வேண்டிய நிலை கூட ஏற்பட்டது.

இது வழமையான ஏற்ற இறக்கமா அல்லது முன்னெப்போதும் நிகழாத மாற்றமா என்ற கேள்வி எழுந்தது. நீர்மட்டப் பதிவுகள் இதற்கு விடையளிக்கப் போதுமானவையாக இருக்கவில்லை. அவுஸ்திரேலிய அணு விஞ்ஞான தொழில்நுட்ப அமைப்பைச் சேர்ந்தவர்கள் உள்ளிட்ட விஞ்ஞானிகள் இப்பிரதேசக் குகைகள் பலவற்றின் தூண்களை ஆராய்ந்து, தமது முடிவை 2023ஆம் ஆண்டு வெளியிட்டனர். அண்மைய தசாப்தங்களில் மழையிலிருந்து நிலத்தடிக்குச் செல்லும் நீரில் ஏற்பட்டுள்ள வீழ்ச்சி, குறைந்தது கடந்த 800 ஆண்டுகளில் நிகழ்ந்திராத ஒன்று என்பதே அம்முடிவாகும்.

மழை ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால் நிலத்தடிக்குச் செல்லும் நீரும் ஐந்தில் ஒரு பங்குதானே குறைய வேண்டும் என்று வாசகர்கள் வினவக்கூடும். இதனை ஒரு குடும்பத்தின் வரவு செலவைக் கொண்டு எளிதில் விளங்கிக்கொள்ளலாம். மாதம் 50,000 ரூபா வருமானமுள்ள ஒரு குடும்பம் 40,000 ரூபாவை அத்தியாவசியச் செலவுக்குப் பயன்படுத்தி, எஞ்சிய 10,000 ரூபாவைச் சேமிக்கின்றது எனக் கொள்வோம். வருமானம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்து 40,000 ரூபாவாகும்போது சேமிப்பு ஐந்தில் ஒரு பங்கா குறைகின்றது? அது முற்றாக இல்லாமலே போய்விடுகின்றது. நிலமும் அவ்வாறானதே. காய்ந்த மண் தன் தாகத்தை முதலில் தீர்த்துக்கொள்கின்றது. மரங்களும் பயிர்களும் தமது பங்கை எடுத்துக்கொள்கின்றன. வெயில் ஒரு பகுதியை ஆவியாக்குகின்றது. இவை யாவும் போக எஞ்சுவதே நிலத்தடியின் சேமிப்பாகும். மழையின் அளவை மாத்திரம் பார்த்து நீர்வளத்தைக் கணிப்பது எவ்வளவு தவறானது என்பதை இதிலிருந்து உணரலாம்.

இந்த உண்மை அங்கு கொள்கையாகவும் உருப்பெற்றுள்ளது. 2006ஆம் ஆண்டு குவினானாவில் கடல் நீரைக் குடிநீராக்கும் பெரும் நிலையம் ஒன்று இயங்கத் தொடங்கியது. 2022ஆம் ஆண்டில், வீட்டுத் தோட்டங்களுக்குக் குழாய்க் கிணற்று நீரைத் தெளிப்பதற்கு வாரத்தில் மூன்று நாட்கள் என்றிருந்த அனுமதி இரண்டு நாட்களாகக் குறைக்கப்பட்டது. வீட்டுக் கிணற்று நீர் வீட்டுக்காரரின் தனிச்சொத்து என்ற எண்ணம் மாற்றப்பட்டு, அது ஊருக்குப் பொதுவான சேமிப்பின் ஒரு பகுதி என்ற நிலைப்பாடு அங்கு சட்டத்தில் இடம்பிடித்துள்ளது.

துளிகளை எண்ணும் பணி

கடந்த கால மழையைக் கல்லிலிருந்து படிப்பதற்கு, இன்றைய துளிகள் எவ்வாறு வீழ்கின்றன என்பது தெரிந்திருக்க வேண்டும். இதற்காகக் குகைகளில் சிறிய கருவிகள் வைக்கப்படுகின்றன. நீர் புகாத பெட்டி ஒன்றின் மூடியில் துளி வீழும் அதிர்வை உணர்ந்து, இரவு பகலாக ஒவ்வொரு துளியையும் அவை எண்ணிப் பதிவு செய்கின்றன. வெளியே எத்தனை மில்லிமீற்றர் மழை பெய்த பின்னர் குகைக்குள் துளிகள் விரைவடைகின்றன என்பதை ஒப்பிட்டால், நிலத்தடி நீருக்குப் பயன்படும் மழை எது, பயன்படாத மழை எது என்பது புலனாகும். அவுஸ்திரேலியாவில் குகைகளோடு கைவிடப்பட்ட சுரங்கங்களிலும் சுரங்கப் பாதைகளிலும் இத்தகைய கருவிகளைப் பொருத்தி, நாடளாவிய கண்காணிப்பு வலையமைப்பு ஒன்று ஏற்படுத்தப்பட்டுள்ளது. நிலத்தடி நீரைச் சென்றடையாத சிறு மழைகள் பல உண்டு என்பதையும், ஒரு வரம்பைத் தாண்டிப் பெய்யும் மழையே அடியைச் சேர்கின்றது என்பதையும், அந்த வரம்பு இடத்துக்கு இடம் வேறுபடுகின்றது என்பதையும் இவ்வாறான அளவீடுகள் காட்டியுள்ளன.

இப்பணியின் பெரும் பகுதியைச் செய்பவர்கள் கலாநிதிப் பட்ட ஆய்வு மாணவர்கள் என்பது இங்கு கவனத்திற்குரியது. மாதந்தோறும் குகைக்குச் சென்று நீர் மாதிரிகளைச் சேகரிப்பதும், கருவிகளைப் பழுதுபார்ப்பதும், நூற்றுக்கணக்கான தூள் மாதிரிகளைப் பரிசோதிப்பதும் மூன்று நான்கு ஆண்டுகள் இடையறாது செய்யப்பட வேண்டியவை. ஒரு பருவகாலத்தைத் தவறவிட்டால் அதனை மீண்டும் அளக்க முடியாது. பகுதிநேர ஊழியம் பார்த்துக்கொண்டு ஓய்வு நாட்களில் செய்யக்கூடிய பணி அல்ல இது. எனவேதான் பிரித்தானியாவின் இயற்கைச் சூழல் ஆய்வுப் பேரவையும் அவுஸ்திரேலிய அரசும் இத்தகைய மாணவர்களின் கல்விக் கட்டணத்தையும் வாழ்க்கைச் செலவையும் பொது நிதியிலிருந்து வழங்குகின்றன.

அந்நிதி வீண்போவதில்லை என்பதற்கு அண்மைய உதாரணம் ஒன்றைக் கூறலாம். மெக்சிக்கோவின் யுகட்டான் பகுதிக் குகைத் தூண் ஒன்றை ஆராய்ந்து 2025ஆம் ஆண்டு வெளியான ஆய்வு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கலாநிதிப் பட்ட மாணவர் ஒருவரின் பணியிலிருந்து விளைந்ததாகும். மாயா நாகரிகத்தின் நகரங்கள் பல வீழ்ச்சியுற்ற காலத்தில், 871க்கும் 1021க்கும் இடையே, மழைக்காலத்திலேயே மழை பொய்த்த நீண்ட வறட்சிகள் எட்டு ஏற்பட்டதையும், அவற்றுள் ஒன்று 13 ஆண்டுகள் நீடித்ததையும் அது வெளிப்படுத்தியது. ஆண்டின் மொத்த மழையை மாத்திரமின்றி, விதைப்புக்குத் தேவையான பருவத்து மழையைத் தனியாகப் பிரித்தறிந்தமையே அதன் சிறப்பாகும்.

அதேவேளை, கல் கூறுவதை அப்படியே ஏற்றுக்கொள்ளவும் முடியாது. ஒரே குகையில் அருகருகே நிற்கும் இரு தூண்கள் வேறுபட்ட பதிவுகளைக் காட்டுவதுண்டு. ஒன்றுக்கு நீர் அகன்ற வெடிப்பினூடாக விரைந்து வந்திருக்கும். மற்றொன்றுக்குப் பாறையின் நுண்துளைகளினூடாகப் பல ஆண்டுகள் தங்கி வந்திருக்கும். இந்தியாவின் மேகாலயா மாநிலத்தின் மௌம்லூ குகைத் தூண் ஒன்றை ஆதாரமாகக் கொண்டு, ஏறத்தாழ 4,200 ஆண்டுகளுக்கு முன் தொடங்கிய புவியியல் காலப் பிரிவுக்கு 2018ஆம் ஆண்டு மேகாலயன் எனப் பெயரிடப்பட்டது. அக்காலத்தில் நிகழ்ந்த வறட்சி உலகம் முழுவதையும் பாதித்ததா என்பதில் ஆய்வாளரிடையே இன்றும் கருத்து வேறுபாடு நிலவுகின்றது. ஒரு தூணைக் கொண்டு முடிவு கட்டாது, பல குகைகளையும் பல ஆண்டு அளவீடுகளையும் நாட வேண்டியிருப்பதால்தான் இந்த ஆய்வுக்கு ஆட்களும் காலமும் பணமும் தேவைப்படுகின்றன.

நம் காலடியிலும் சுண்ணாம்புக்கல்

பேர்த்தின் கதை நமக்குத் தூரத்துச் செய்தி அல்ல. யாழ். குடாநாட்டிலும் மன்னாரிலும் புத்தளத்து வனாத்தவில்லு வரையிலும் நம் காலடியில் இருப்பதும் சுண்ணாம்புக்கல்லே. நீரில் கரைந்து, வெடிப்புகளும் பொந்துகளும் நிறைந்த கல் அது. நிலாவரைக் கிணறும் கீரிமலை ஊற்றும் அக்கல்லின் இயல்பால் உண்டானவையே. குடாநாட்டில் வற்றாத ஆறு எதுவும் இல்லை. ஆண்டில் பெறும் ஏறத்தாழ 1,200 முதல் 1,300 மில்லிமீற்றர் மழையின் பெரும் பகுதி ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரையான சில வாரங்களில் பெய்து முடிகின்றது. எஞ்சிய மாதங்களில் குடிப்பதற்கும் தோட்டம் செய்வதற்கும் அந்தச் சில வாரங்களில் கல்லுக்குள் இறங்கிய நீரே முதல்.

அந்த நன்னீர், அடியிலுள்ள உவர் நீரின் மேல் மிதந்து நிற்கின்றது. கடல் மட்டத்துக்கு மேலே நன்னீர் ஒரு மீற்றர் உயர்ந்திருந்தால், கீழே அது ஏறத்தாழ 40 மீற்றர் ஆழம் வரை நிற்க முடியும் என்பது விஞ்ஞானம் கூறும் பொது விதியாகும். இதன் மறுபக்கம் அச்சமூட்டுவது. மேலே சிறிதளவு குறைந்தாலும் கீழே உவர் நீர் பன்மடங்கு மேலெழும். நிலாவரையின் மேற்பரப்பில் நன்னீரும் ஆழத்தில் உவர் நீரும் இருப்பது இதற்குக் கண்கூடான சான்றாகும்.

கிழக்குக் கரையின் மணற்பாங்கான ஊர்களில் கல் இல்லாவிட்டாலும் நன்னீர் உவர் நீரின் மேல் மிதக்கும் நிலை ஒன்றே. 2004ஆம் ஆண்டின் சுனாமியின் பின்னர் அப்பகுதிக் கிணறுகள் உவர்த்துப்போயின. அவற்றைத் திரும்பத் திரும்ப இறைத்துச் சுத்திகரிப்பதால் பெரும் பயன் விளையவில்லை என்பதையும், அதிகம் இறைத்தால் உவர் நீரே உள்ளிழுக்கப்படும் என்பதையும், பருவமழையே நாளடைவில் நீரைத் தேற்றியது என்பதையும் மட்டக்களப்பில் நடத்தப்பட்ட ஆய்வுகள் காட்டின. இறைத்தால் சுரக்கும் என்ற பழமொழியின் எல்லையை அன்று நம் மக்கள் நேரில் கண்டனர்.

1950களிலேயே பொறியியலாளர் எஸ். ஆறுமுகம், கடல்நீரேரிகளில் மழை நீரைத் தேக்கி நன்னீராக்குவதன் மூலம் குடாநாட்டின் நிலத்தடி நீரை வளப்படுத்தும் திட்டத்தை முன்வைத்தார். இன்று கடல் நீரைக் குடிநீராக்கும் நிலையம் 2024ஆம் ஆண்டு முதல் தாளையடியில் அமைந்துள்ளது. குடிநீருக்கு அது உதவலாம். ஆனால், வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் புகையிலைக்கும் பாய்ச்சும் நீரை அதிலிருந்து பெற முடியாது. தோட்ட நிலத்தின் எதிர்காலம் கிணற்றையே நம்பியிருக்கின்றது. அத்தோடு, மழை நீரை விரைவாக உள்வாங்கும் வெடிப்புகள், தோட்டத்து உரத்தின் நைத்திரேற்றையும் மலசலகூடக் குழிகளின் கழிவையும் அதே விரைவில் உள்வாங்கிவிடுகின்றன என்பதையும் மறக்கலாகாது.

நம் குளங்கள் மழை நீரைத் தாமதப்படுத்தி நிலத்துக்குள் இறக்கும் வாயில்களாகும். அவற்றைக் குப்பையால் நிரப்புவதும் மூடிக் கட்டடம் எழுப்புவதும், பெய்யும் மழை குறையாத ஆண்டிலும் நம் சேமிப்பைக் குறைக்கும் செயல்களாகும். ஒரே மழை மூன்று மாதங்களாகப் பரவிப் பெய்வதற்கும் மூன்று நாட்களில் கொட்டித் தீர்ப்பதற்கும் உள்ள வேறுபாடு கிணற்றில்தான் தெரியும். எவ்வளவு மழை பெய்தால் நம் கல்லுக்குள் நீர் இறங்குகின்றது, எந்தக் குளத்தைத் தூர்வாரினால் எந்தக் கிணறுகள் பயன்பெறும், எந்த அளவுக்கு மேல் இறைத்தால் உவர் ஏறும் என்பவற்றுக்கு ஊருக்கு ஊர் விடை வேறுபடும். போர்க் காலத்தில் இடையறாத அளவீடுகளை நடத்துவது எளிதாக இருக்கவில்லை. போர் 2009இல் முடிவடைந்த பின்னரும் அந்தச் சாக்கைக் கூறிக்கொண்டிருக்க முடியாது.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும் கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் இதற்குரிய அறிவும் ஆர்வமும் கொண்ட இளைஞர்களும் யுவதிகளும் இருக்கின்றனர். அவர்களுள் சிலருக்கேனும், குடும்பச் சுமை அழுத்தாத வகையில் மூன்று நான்கு ஆண்டுகளுக்குப் போதுமான புலமைப்பரிசில் வழங்கி, கிணறுகளையும் குளங்களையும் மழைமானிகளையும் தொடர்ந்து அளக்கச் செய்வது அரசின் கடமையாகும். புலம்பெயர்ந்து வாழும் நம்மவரும் ஊர்ச் சங்கங்களும் வர்த்தகப் பிரமுகர்களும் கட்டடங்களுக்கு வழங்கும் நன்கொடையில் ஒரு சிறு பங்கை இதற்கு ஒதுக்கலாம். கட்டடத்தைப் போல இது கண்ணுக்குத் தெரியாது. பெயர்ப்பலகை வைக்கவும் இடமிராது. எனினும் கோயில் தீர்த்தக் கேணியிலும் பள்ளிவாசல் ஹவுழிலும் வீட்டுக் கிணற்றிலும் நாளை நிற்கப்போகும் நீர் எவ்வளவு என்பது இந்த அளவீடுகளால்தான் தெரியவரும்.

மேற்கு அவுஸ்திரேலியர்கள் தமது 800 ஆண்டுக் கணக்கைப் படித்தறிந்தபோது சேமிப்பின் வீழ்ச்சி ஏற்கனவே தொடங்கிவிட்டிருந்தது. ஆயினும் கணக்குத் தெரிந்ததால், செலவைக் குறைப்பதற்கான காரணத்தை மக்களுக்கு அவர்களால் எடுத்துரைக்க முடிந்தது. நாமோ நம் கணக்குப் புத்தகத்தை இன்னும் முழுமையாகத் திறந்து பார்க்காமலே இறைத்துக்கொண்டிருக்கிறோம். கிணற்று நீர் உவர்த்த பின்னர் அதனைத் திறப்பதில் பயனில்லை.